ஒரே எஞ்சின், வெவ்வேறு குதிரைவலு

உழவு இயந்திரத்தின் விலைப்பட்டியலை உற்றுநோக்கும் கமக்காரர் பலருக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. இரு மாதிரிகளுக்கு எஞ்சின் ஒன்றே. சிலிண்டர்களின் தொகையும் கொள்ளளவும் ஒன்றே. ஆயினும் ஒன்றிற்குக் குதிரைவலு குறைவு, மற்றதற்குக் கூடுதல். விலையும் அதற்கேற்ப ஏறிநிற்கிறது. ஒரே பண்டத்தை இரு விலைக்கு விற்கும் தந்திரமோ இது என்று அவர் வினவுவதில் வியப்பில்லை.

இலங்கையின் நெல்வயல்களில் நெடுங்காலம் உழைத்த மாசி பெர்கூசன் வண்டியையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் பீற்றர்பரோ நகரத்துப் பேர்க்கின்ஸ் தொழிற்சாலை ஆக்கிய மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் அதன் 35ஆம் இலக்க மாதிரியிற் பொருத்தப்பட்டது. சிலிண்டரின் விட்டம் 3.6 அங்குலம்; பிஸ்டன் ஓடும் தூரம் 5 அங்குலம்; மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 152 கன அங்குலம். அவ்வண்டியின் வலு ஏறத்தாழ 37 குதிரைவலு. 1962இல் வந்த 35எக்ஸ் என்பதோ, அதே கொள்ளளவுள்ள எஞ்சினைக் கொண்டு 44 குதிரைவலுவுக்கு மேல் தந்தது. பின்வந்த 135, 240 ஆகியவற்றிலும் இக்குடும்பத்து எஞ்சினே இடம்பெற்றது.

இஃது எவ்வாறு இயலும்? வலு எஞ்சினின் பருமனில் மட்டும் தங்கியிருப்பதன்று. ஒரு நிமிடத்தில் எவ்வளவு எரிபொருள் எரிகிறது, அதனை எரிக்கப் போதிய காற்று உண்டா என்பவற்றிலேயே அது தங்கியிருக்கிறது. பம்பு செலுத்தும் டீசலைக் கூட்டினாலும், சுழற்சி வேகத்தின் எல்லையை உயர்த்தினாலும், காற்றை அமுக்கிச் செலுத்தும் டர்போசார்ஜரைப் பூட்டினாலும் வலு உயரும். இன்றைய எஞ்சின்களில் இவ்வேலையின் பெரும்பகுதியைக் கணினிக் கட்டுப்பாடே செய்துவிடுகிறது. 2010களில் ஜேர்மனியின் ஃபெண்ட் நிறுவனம் விற்ற 700 வரிசையில், 6.06 லீற்றர் எஞ்சின் ஒன்றே ஆறு மாதிரிகளுக்குப் பொதுவாயிருந்தது. வலுவோ ஏறத்தாழ 145 முதல் 240 வரை சென்றது.

உற்பத்தியாளருக்கு இதனால் வரும் ஆதாயம் வெளிப்படை. புதிய எஞ்சினுக்கு அச்சுவார்ப்பு, கடைசல் பொறிகள், பரிசோதனை எனப் பெரும்பணம் வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புகை பற்றிய சட்டங்கள் 1990களிலிருந்து இறுகிவந்தன. அங்கே எஞ்சின்களைக் குடும்பமாக வகுத்து, குடும்பத்துக்கு ஒன்றைச் சோதித்துச் சான்று பெறலாம். உதிரிப்பாகங்கள் பொதுவாயிருத்தல் கமக்காரருக்கும் நன்மையே.

இனி, தந்திரமா என்ற வினா. முற்றாக மறுத்தற்கியலாது. சில மாதிரிகளிடையே கட்டுப்பாட்டு நிரலன்றி வேறு பெரிய வேறுபாடில்லை. விலை வேறுபாடோ செலவு வேறுபாட்டினும் பெரிது. எனினும் பலவற்றில் கிளச், கியர்ப்பெட்டி, பின் அச்சு, ரேடியேட்டர், டயர் ஆகியன வலுவுக்கேற்பத் தடித்தும் பெருத்தும் அமைகின்றன. இதனை எண்ணாது, பம்பின் திருகாணியைத் திருகிக் குறைந்த வண்டியைக் கூடிய வண்டியாக்குவோர் உண்டு. முதலிற் கரும்புகை தோன்றும். அஃது எரியாது வீணாகும் டீசல், அதாவது கமக்காரரின் காசு. சூடு மிஞ்சிப் பிஸ்டன் கெடும்; கிளச் வழுக்கும்; கியர்ப் பற்கள் உடையும். சேற்று வயலில், விதைப்புக் காலத்தில், இவ்வாறு நின்றுபோன வண்டி ஒரு போகத்தையே பறித்துவிடும். சிறு வயலுடையார்க்கு, தன் ஆற்றலின் எல்லையைத் தொடாது அமைதியாக ஓடும் குறைந்த வலு வண்டியே பெரும்பாலும் உகந்தது.

விற்பவர் சொல்லும் வலு மெய்தானா என்பதும் பழைய வழக்கே. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் ஒரு சட்டம் இயற்றியது. சோதனைக்கு உட்படாத உழவு இயந்திர மாதிரி அங்கே விற்கப்படலாகாது என்பது அதன் விதி. 1920இல் அம்மாநிலப் பல்கலைக்கழகத்திற் சோதனைகள் தொடங்கின. எஞ்சினின் பெயரையோ பருமனையோ கொண்டன்றி, கொக்கியில் இழுக்கும் இழுவையையும் சுழல்தண்டு தரும் வலுவையும் அளந்தே அங்கு முடிவு எழுதப்பட்டது.