தசை நோவும் மருந்தில்லா ஊசியும்

(இந்து வாலிபர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாழ்ப்பாணத்துத் தமிழிலே நோவைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. நாரி உளைகிறது என்போம். கால் கடுக்கிறது என்போம். பிடரி விறைக்கிறது, தோள்மூட்டிலே குத்துகிறது, கைவழியே எரிவு ஓடுகிறது என்போம். உளைவு வேறு, கடுப்பு வேறு, குத்து வேறு. செம்மண் தோட்டத்திலே பகல் முழுதும் குனிந்து வெங்காயம் நடுகின்றவரும், மருந்துத் தாங்கியை முதுகிலே சுமந்து பயிருக்கு விசிறுகின்றவரும், கரையிலே வலை இழுக்கின்றவரும், தையல் இயந்திரத்தின் முன்னே கழுத்தைச் சாய்த்தபடி இருப்பவரும் இவ்வேறுபாடுகளை நன்கறிவர். கைத்தொலைபேசியைக் குனிந்து பார்த்துப் பார்த்தே காலங்கழிக்கும் எம் போன்ற மாணவரும் பிடரி நோவிலே அவர்களுக்குப் பின்னிற்கவில்லை.

இந்நோவுகளுக்கு ஊசி போடும் சிகிச்சை ஒன்று இக்காலத்தில் பலராலும் பேசப்படுகின்றது. ஊசி உண்டு, ஆனால் அதனுள் மருந்து இல்லை. ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி 'உலர் ஊசி' என்று சிலர் எழுதுகின்றனர். அப்படியாயின் ஈர ஊசி எது என்று எங்கள் ஆச்சிமார் கேட்பார்கள், கேள்வி நியாயமானதே. மருந்து செலுத்தாமையே இதன் இயல்பு. ஆதலின் 'மருந்தில்லா ஊசி' என்றே நாம் இங்கு வழங்குவோம்.

இது எங்கிருந்து வந்தது? 1938 ஆம் ஆண்டு இலண்டனிலே கெல்கிறன் என்னும் வைத்தியர், உப்புச் செறிவு மிகுந்த நீரை மனிதரின் தசைகளிலே செலுத்தி, நோவு எங்கே தோன்றுகிறது என ஆராய்ந்தார். குத்திய இடத்தில் மட்டுமன்றி, அதற்கு அப்பால் வேறோர் இடத்திலும் நோவு தோன்றிற்று. 'வாய்வு ஓடிப் பிடித்துவிட்டது' என்று எம்மூரார் சொல்லும்போது அவர்கள் கண்டதும் இதைத்தான். காரணத்தை வாய்வின்மேல் ஏற்றியதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. நோகும் இடமும் நோவின் மூலமும் ஒன்றாக இருக்கவேண்டுமென்பதில்லை என்று கண்டது மெய்யே.

பின்னர் அமெரிக்காவிலே ஜனெற் ட்ரவெல் என்னும் அம்மையார் இவ்வாராய்ச்சியை வளர்த்தார். 1961 இல் ஜனாதிபதி கெனடியின் வெள்ளை மாளிகை வைத்தியராக நியமிக்கப்பட்டவர் இவர். அப்பதவியை வகித்த முதற் பெண்மணி. இறுகிப்போன தசைநார்க் கற்றையிலே விரலுக்குத் தட்டுப்படும் ஒரு முடிச்சு உண்டென்றும், அதை அழுத்தினால் நோவு வேறிடத்திலே கிளம்புமென்றும் அவர் விவரித்தார். துப்பாக்கியின் விசையை இங்கே இழுத்தால் குண்டு அங்கே படுவதுபோல இருத்தலின், அம்முடிச்சை 'விசைப்புள்ளி' எனலாம். அதனுள்ளே அவர் விறைப்பு மருந்தைச் செலுத்திவந்தார்.

நோவைத் தணித்தது மருந்தா, ஊசியா? இக்கேள்விக்கு 1979 இல் செக்கோசிலவாக்கியாவைச் சேர்ந்த கரெல் லெவிற் என்பார் ஒரு விடை தந்தார். மருந்து எதுவுமின்றி 241 நோயாளருக்கு ஊசி குத்தி, பத்தில் எட்டுக்கு மேற்பட்ட இடங்களில் நோவு உடனே தணிந்ததெனக் கண்டார். ஆனால் அவ்வறிக்கையிலே எமது கவனத்தை ஈர்ப்பது வேறொரு கணக்கு. பின்னர் தொடர்ந்து பார்த்த 288 இடங்களுள் 92 இலேதான் நோவு நிலையாக நீங்கிற்று. ஏனையவற்றிலே சிலவற்றுக்குச் சில மாதம், சிலவற்றுக்குச் சில வாரம், சிலவற்றுக்குச் சில நாளே சுகம் நின்றது. ஊசி குத்தப்படாத நோயாளரோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சியுமன்று அது. 1994 இல் ஹொங் என்பவர் மருந்தூசியையும் மருந்தில்லா ஊசியையும் ஒப்பிட்டார். தசையிலே துடிப்பு எழுந்தவிடத்து இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. ஆனால் மருந்தில்லா ஊசியின் பின்னுள்ள உளைவு கூடுதலாக இருந்தது.

அத்துடிப்பு யாது? ஊசி துளையற்றது, மயிரினும் சற்றே தடித்தது. இறுகிய கற்றையை அது சரியாகத் தொட்டவுடன், தூண்டிலை மீன் கடித்தாற்போலத் தசை ஒருமுறை வெட்டி இழுக்கும். அதன்பின் இறுக்கம் தளர்கின்றது. ஏன் தளர்கின்றது என்பதிலே வைத்திய உலகம் இன்னும் பிளவுபட்டே நிற்கின்றது. நரம்பு தசையைச் சந்திக்குமிடத்தில் அசற்றைல்கோலின் என்னும் பொருள் அளவுக்கு மிஞ்சிச் சுரப்பதே முடிச்சுக்குக் காரணம் என்பது ஒரு கொள்கை. 2015 இலே குயின்ற்னரும் அவருடன் சேர்ந்தோரும் அக்கொள்கையையே மறுத்து எழுதினர். ஒரே நோயாளரைத் தொட்டுப் பார்க்கும் இரு வல்லுநர் ஒரே இடத்தைக் காட்டாத சந்தர்ப்பங்களும் பல. ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தோர் கூறுவது இது: சில வாரங்களுக்கு நோவு குறைகின்றது, நெடுங்காலப் பலனுக்குச் சான்று மெலிந்தது.

இதைக் கேட்டவுடன் 'இது எங்கள் வர்மமேயன்றோ, மேல்நாட்டார் எடுத்துக்கொண்டனர்' என்று பெருமிதங்கொள்ளும் நண்பர் சிலர் எம்மிடையே உளர். வர்மம் சித்த மருத்துவத்தின் கலை. அதன் தானங்களும் தத்துவமும் வேறு. கைதடியிலே சித்த வைத்தியம் பயிலும் மாணவரைக் கேட்டால் அவர்களே சொல்வர். சீனத்து அக்குபங்சரும் வேறு; ஊசி ஒன்றுபோல இருப்பினும் குத்தும் இடத்தைத் தெரியும் முறை ஒன்றன்று. பிறர் தேடியதை எமதென்று கூறினாற்றான் எமக்கு மதிப்பு உண்டாகுமென்பது எமக்கு உடன்பாடன்று.

சில நாளோ சில வாரமோ நிற்கும் சுகத்தினால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. நோவினால் தூக்க முடியாதிருந்த கையை அந்நாள்களிலே தூக்கலாம், அசைக்கலாம், வலுவிழந்த தசைக்குப் பயிற்சி கொடுக்கலாம். அதைச் செய்யாது, மாதந்தோறும் போய் ஊசிக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பதிலே பொருளில்லை. ஆனால் இங்கேதான் ஒரு சங்கடம். 'ஓய்வெடும், குனியாதேயும்' என்று சொல்லுதல் எளிது. குடும்பத்தைத் தனியே தாங்கி, நாட்கூலிக்கு வெங்காயம் கிண்டும் ஒரு தாயிடம் அதைச் சொல்லிப் பார்த்தால் தெரியும்! அன்று குனியாவிட்டால் அன்று அடுப்பெரியாது. அவருக்கு நாரியைத் தளர்த்தும் ஊசியோடு, மணிக்கொரு தடவை நிமிர்ந்து நாரியைப் பின்வளைத்தல், சுமையை ஒரே தோளில் ஏற்றாதிருத்தல், நடுவதை இருவர் மாறிமாறிச் செய்தல் என்பவற்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுப்பது அவருக்கு விளங்கும் தமிழில் இருக்கவும் வேண்டும்.

இதற்கு இம்மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. 1847 இல் இங்கு வந்து மானிப்பாயில் வைத்தியம் செய்த அமெரிக்கர் சாமுவேல் கிறீன், தம் மாணவருக்கு 1864 முதல் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவருடைய 'மனுஷ அங்காதிபாதம்' 1872 இல் வெளிவந்தது. உடலின் ஒவ்வொரு தசைக்கும் தமிழிலே பெயர் சொல்ல முயன்ற நூல் அது. அவர் தம் சமயத்தைப் பரப்ப வந்தவர் என்பதை இச்சபை மறக்கவேண்டியதில்லை. மிஷன் பாடசாலையிற் படித்த எமக்கும் இம்மேடையிலே இடமளித்த சபையன்றோ இது! 'உமது உடம்பிலே நாம் செய்யப்போவது இது' என்று நோயாளரின் மொழியிற் சொல்லும் வழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்வதிலே எமக்குத் தடையில்லை.

சொல்லவேண்டியவற்றுள் முதன்மையானது ஆபத்து. தோளின் மேற்புறத்திலும் நெஞ்சுக்கூட்டின் மேலும் குத்தும் ஊசி ஆழம் தவறினால் நுரையீரலின் உறையைத் துளைக்கக்கூடும். அரிதே, ஆயினும் நேர்ந்ததுண்டு. ஊசி போட்டுச் சில மணிநேரம் கழிந்த பின்னரும் மூச்சு முட்டலாம், நெஞ்சு குத்தலாம். அவ்வேளையில் வாய்வென்று எண்ணி இஞ்சி குடித்துப் படுத்துவிடாது, உடனே வைத்தியசாலைக்குச் சென்று, 'இன்ன இடத்தில் ஊசி போட்டேன்' என்று சொல்லவேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்போரும் கருவுற்றோரும் முன்கூட்டியே அதனைத் தெரிவித்தல் வேண்டும். ஊசி உம் கண்முன்னே உறை பிரிக்கப்பட்டதாய், ஒருமுறையே பயன்படுவதாய் இருக்கவேண்டும். போடுகின்றவர் எங்கே பயின்றார், எத்தனை நாள் பயின்றார் என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. இரண்டு நாள் வகுப்புக்குப் போய்வந்தவர் கையிலே எமது நுரையீரலை ஒப்படைக்க யாம் விரும்போம்.

இனி, பிறநாட்டுப் புத்தகங்கள் பெரிதாகப் பேசாத ஒன்று. 2009 இல் போர் முடிந்தது. குண்டுச் சிதறல்களை உடம்பிலே தாங்கியவாறு இன்றும் வாழ்வோர் எம்மூர்களில் உளர். சத்திரசிகிச்சை செய்தால் நரம்புக்குக் கேடு வருமென்று சிலருக்கு அவை அப்படியே விடப்பட்டன. மாரி காலத்திலே முதுகு உளைகிறது, தொடை கடுக்கிறது என்று மாத்திரம் சொல்வார்கள். சிதறலைப் பற்றிச் சொல்லமாட்டார்கள். யாரிடம் சொன்னால் என்ன கேள்வி வருமோ என்ற பழைய அச்சம் சிலருக்கு. சொல்லிச் சலித்துவிட்ட சோர்வு சிலருக்கு. அந்நோவைத் தசை முடிச்சென்று எண்ணி ஊசியால் தேடுதல் தகாது. ஆதலின் ஊசி எடுக்குமுன், 'உடம்பிலே இரும்பேதும் உண்டா?' என்று கேட்கவேண்டியது போடுகின்றவரின் கடமை. அதைக் கூட்டத்தின் நடுவிலே கேட்கலாகாது. கதவைச் சாத்திவிட்டு, எப்போது பட்டது, எங்கே பட்டது என்று விசாரியாது, எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் கேட்டாற் போதும். பழைய எக்ஸ்றேப் படம் வீட்டிலிருந்தால் கூடப்போகும் பிள்ளைகள் அதை எடுத்துச் செல்லலாம். இல்லையேல் புதிதாக ஒன்றை எடுத்துப் பார்த்த பின்னரே ஊசி.