செப்பிடு வித்தைக்கு ஒரு மேசை



சில ஆண்டுகளுக்கு முன், எம் பள்ளி ஆண்டு விழாவில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் செப்பிடு வித்தை காட்டினான். விரல்கள் நன்கு பழகியிருந்தன. ஆனால், வகுப்பறைப் பெஞ்சு ஆடியது, கிண்ணம் உருண்டது, ஒளித்த பந்து வெளிப்பட்டது. அவை நகைத்தது. அவனுக்குத் தேவைப்பட்டது புதிய வித்தையன்று, ஆடாத மேசையே. அதை வாங்க அவன் வீட்டில் வசதியில்லை.

1845இல் பாரிசில் அரங்கம் தொடங்கிய இராபர் ஊதேன், கடிகாரத் தொழில் கற்றவர். மேசையைத் தரைவரை துணியால் மூடி, அடியில் ஆளை ஒளித்துவைக்கும் பழைய வழக்கத்தை அவர் கைவிட்டார். மேசை எளிதாயின் அவையோரின் ஐயம் குறையும் அன்றோ!

நாங்களும் எளிய மேசையே செய்தோம். மேற்பலகை 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 12 மி.மீ. கனமுள்ள ஒட்டுப்பலகை. உயரம் 80 செ.மீ., கால்களின் விரிவு 50 செ.மீ. எனக் கொண்டோம். பித்தாகரசு தேற்றத்தின்படி காலின் நீளம் ஏறத்தாழ 94 செ.மீ. ஆயிற்று. இரு சட்டகங்களைக் கத்தரிக்கோல்போல் நடுவில் மரையாணியால் பிணைத்தோம். பலகையின் அடியில் அறைந்த இரு கட்டைகள், கால்கள் மேலும் விரியாமல் தடுத்தன. மேலே பளபளப்பற்ற கறுப்புத் துணியை இழுத்து ஒட்டினோம். பொருளை வைக்கும் ஓசையும் அடங்கிற்று.

மறு ஆண்டு அம்மாணவன் அதே வித்தையைக் காட்டினான். மேசை ஆடவில்லை, அவையும் நகைக்கவில்லை, வியந்தது.

இளைஞர்களே! பொருளில்லை என்று மேடையை விட்டு இறங்காதீர்கள். அளவுகோலைக் கையில் எடுங்கள்.