வேலைப் பாக்கியும் வழக்கின் கெடுவும்

(கொடைக்கானலில் நமது சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



யான் வக்கீல் அல்லேன், தமிழாசிரியன். ஆயினும் நம்மவருட் பலர் இம்மலையிலுள்ள பங்களாக்களிலும் விடுதிகளிலும் கொத்துவேலை, தச்சுவேலை, வர்ணப்பூச்சு முதலியவற்றை ஒப்பந்தமாக ஏற்றுச் செய்து, பணம் பெறாது அலைதலைக் காண்கின்றேனாதலின் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

பங்களா உடையவர் சித்திரை வைகாசியில் வருவர், வேலையை மெச்சுவர், பாக்கியை "அடுத்த சீசனில் பார்ப்போம்" என்று மலையிறங்குவர். எழுத்துக் கேட்டல் மரியாதையன்றெனக் கருதி நம்மவர் வாளாவிருப்பர். 1963-ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டப்படி, பணம் தருதற்கு நாள் குறிக்கப்படாதவிடத்து, வேலை முடிந்த நாள் முதல் 3 வருடத்துள் பிராது கொடுத்தல் வேண்டும். "அடுத்த" என்னும் சொல்லுக்கு இலக்கணத்தில் எல்லையில்லை, சட்டத்தில் உண்டு! வாய்ச்சொல் அக்கெடுவை ஒருநாளும் நீட்டாது. கெடு தீருமுன் இன்ன தொகை பாக்கியென்று எழுதி உடையவர் கையொப்பமிட்டால், அந்நாள் முதல் புதிதாக 3 வருடம் கிடைக்கும். ஆகவே அவர் மலையிறங்குமுன் கணக்குச் சீட்டில் ஒரு கையெழுத்து வாங்குக. அஃது அவமதிப்பன்று.

"எழுதிய ஒப்பந்தமே இல்லையே" என்று சோர்வாருமுளர். 1872-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு, இனாமாகவன்றிச் செய்த வேலையின் பயனைத் துய்த்தவர் அதற்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்கின்றது. சாமான் வாங்கிய ரசீது, புகைப்படம், கைப்பேசியில் வந்த செய்தி, உடனுழைத்தோர் சாட்சியம் ஆகியவற்றைப் பேணி வைத்தல் வேண்டும்.

உடையவர் சென்னையில் வசித்தாலென்ன? சிவில் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவுப்படி, வழக்குக்குக் காரணம் பிறந்தவிடத்து நீதிமன்றத்திலும் வழக்கிடலாம். வேலை நடந்தது இம்மலையில். ஆதலின் இவ்வெல்லைக்குரிய நீதிமன்றமே போதும். இது தெரியாமையால், பயணச் செலவுக்கு அஞ்சிப் பாக்கியைக் கைவிட்டார் பலர்.

காசோலை பணமின்றித் திரும்பினால் கெடு மிகக் குறுகியது. வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளுள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்புக. அதனைப் பெற்ற 15 நாளுள் பணம் வாராதாயின், அதன்பின் ஒரு மாதத்துள் மாஜிஸ்திரேட்டிடம் முறையிடுக.

இருவரும் இசைந்தால் மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளலாம். அங்குச் சமரசமாக எழுதிய தீர்ப்பின்மேல் அப்பீல் இல்லை. ஆனால் தனியே பேச்சு வளர்த்துக் காலங்கடத்துவாரிடம் எச்சரிக்கை வேண்டும். பேசிக்கொண்டிருக்கையிலும் அந்த 3 வருடம் ஓடிக்கொண்டேயிருக்கும்.

தாய்மார்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். வேலை செய்தவர் இறப்பினும் பாக்கி இறவாது, வாரிசுகள் வழக்கிடலாம். 1987-ஆம் வருடத்துச் சட்டப்படி, பெண்கள் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர். தாலூகா சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுத்தால், வழக்குக்கு முகாந்தரம் உண்டென்று கண்டவிடத்து வக்கீலையும் அவர்களே அமர்த்துவர்.