மீன் வாங்குவதற்கு முன் ஐந்து வாரம்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் மெசேஜ்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். "தொட்டி வாங்கினோம், மீன் விட்டோம், ஒரு வாரத்துல எல்லாம் செத்துப்போச்சு." அதில் ஒன்று சேலத்திலிருந்து ஒரு அப்பா அனுப்பியது. 2 அடி தொட்டி, எட்டு மீன். கடையில் காலையில் வாங்கி, மதியமே தண்ணி நிரப்பி, சாயங்காலம் மீன் விட்டிருக்கார். ஆறாவது நாள் கடைசி மீனும் போச்சு. மகளுக்கு ஏழு வயசு. "அவதான் தீனியை அள்ளி அள்ளிப் போட்டான்னு நல்லா திட்டிட்டேன். இப்ப அந்தப் பக்கமே வரமாட்டேங்குறா"ன்னு சொல்றார்.

சார், நீங்க கேட்டுக்கிட்டிருந்தா முதலில் இதைச் சொல்லிடறேன். தீனி கூடினால் நிலைமை சீக்கிரம் மோசமாகும், அது உண்மை. ஆனா பாப்பா ஒரு நாளைக்கு நாலே நாலு மணி தீனி போட்டிருந்தாலும் அந்தத் தொட்டி எட்டு மீனைத் தாங்கியிருக்காது. ஏன்னு விளக்கறேன்.

மீன் தன் கழிவை அம்மோனியாவாகத்தான் வெளியேற்றுது. அதிலும் பெரும்பகுதி செவுள் வழியாக. அதனால மீன் எதுவும் சாப்பிடாமல் சும்மா மூச்சு விட்டாலே தண்ணீரில் அம்மோனியா சேரும். ஏரியில் ஒரு மீனுக்கு இருக்கிற தண்ணீரின் அளவை நினைச்சுப் பாருங்க. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியின் கொள்ளளவு 57 லிட்டர். கல், மணல், மேலே விடுகிற இடைவெளி எல்லாம் போக 50 லிட்டர் தேறும். ரெண்டு குடத்துக்குச் சற்று அதிகம். அதில் எட்டு மீன்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும். அதுதான் ஏமாத்தற இடம். அம்மோனியாவுக்கு அந்த அளவில் நிறமும் கிடையாது, வாசனையும் தெரியாது. செவுளை அரிச்சு, மீன் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கும்போதுதான் நமக்கு உறைக்கும்.

நம்ம ஊர் தண்ணீரில் இன்னொரு சிக்கல். அம்மோனியா தண்ணீரில் ரெண்டு வடிவத்தில் இருக்கும். அம்மோனியமா இருக்கும்வரை அவ்வளவு ஆபத்தில்லை. வெறும் அம்மோனியாவாக இருந்தால் விஷம். எது எவ்வளவுங்கிறதை பிஹெச்-ம் வெப்பநிலையும் தீர்மானிக்குது. 28 டிகிரியில் பிஹெச் 7 என்றால் மொத்தத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவுதான் விஷ வடிவம். அதே வெப்பத்தில் பிஹெச் 8 ஆனால் 6, 7 சதவீதம். கிட்டத்தட்ட பத்து மடங்கு. நம்ம போர் தண்ணீர் பல இடங்களில் 8-ஐ ஒட்டித்தான் இருக்கு.

சரி, அப்போ தொட்டியில் மீன் வளர்க்கிறவங்க எல்லாம் எப்படி வளர்க்கிறாங்க? பாக்டீரியாதான். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாத்தும். அடுத்தது நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாத்தும். நைட்ரைட்டும் விஷம்தான், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிடும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாரம் ஒருமுறை கால்வாசி தண்ணீரை மாத்தினால் கட்டுக்குள் இருக்கும்.

(ஒரு சின்ன இடைச்செருகல். பழைய மீன் வளர்ப்புப் புத்தகங்களில் இந்த ரெண்டாவது வேலையை நைட்ரோபாக்டர் செய்வதாக எழுதியிருப்பாங்க. 1998-ல் டிமோதி ஹோவனெக் குழு நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்தபோது அங்கே வேலை பார்த்தது நைட்ரோஸ்பைரா. 2015-ல் இன்னும் வேடிக்கை. ரெண்டு வேலையையும் ஒரே ஆளாகச் செய்கிற நைட்ரோஸ்பைரா இருப்பதாக ரெண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் அறிவிச்சாங்க. அதில் ஒன்று கிடைச்சது மீன் பண்ணையின் ஃபில்டரில்.)

இந்த பாக்டீரியா எல்லாம் படு மந்தம். சாதாரண பாக்டீரியா அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும். இவங்களுக்கு அரை நாள், ஒரு நாள், சமயத்தில் அதுக்கும் மேலே. அதனாலதான் நாலிலிருந்து ஆறு வாரம் ஆகுது. அந்தக் காத்திருப்புக்குப் பேர்தான் சைக்ளிங்.

மீனே இல்லாமல் இதை எப்படிச் செய்வது? தயிருக்கு உறை ஊத்தற வேலைதான், கூடவே பாலும் நாமே கொடுக்கணும். பால்னா இங்கே அம்மோனியா. சிலர் மீன் தீனியையே தினம் ஒரு சிட்டிகை போட்டு அழுக விடுவாங்க. நடக்கும், ஆனா எவ்வளவு அம்மோனியா வருதுன்னு கணக்கே கிடைக்காது, தொட்டியும் நாறும். எனக்குப் பிடிச்சது அம்மோனியம் குளோரைடு. நம்ம நவச்சாரம்! பாத்திரத்துக்கு ஈயம் பூசறவங்க வெச்சிருப்பாங்களே, அதேதான். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறதில் என்ன கலந்திருக்குன்னு சொல்ல முடியாது. அதனால லேப் கெமிக்கல் விற்கிற கடையில் சுத்தமானதை வாங்குங்க. 100 கிராம் வாங்கினால் பல தொட்டிக்கு வரும்.

50 லிட்டருக்கு 0.4 கிராம் போதும். அதை எந்தத் தராசில் நிறுக்கிறதுன்னு கேட்பீங்க. 4 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் கரைச்சு பாட்டிலில் வையுங்க. அதிலிருந்து 100 மில்லி எடுத்தால் 0.4 கிராம். பாட்டில் மேலே பெரிசா எழுதி ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்க. ஊத்தின பிறகு டெஸ்ட் கிட்டில் பார்த்தால் அம்மோனியா 2 முதல் 3 பிபிஎம் காட்டணும். சீக்கிரம் முடியட்டும்னு ரெண்டு மடங்கு ஊத்தாதீங்க. 5-க்கு மேல் போனால் பாக்டீரியாவுக்கே பிடிக்காது.

தண்ணீர் எதுன்னும் யோசிக்கணும். மெட்ரோ வாட்டர், மாநகராட்சிக் குழாய் என்றால் குளோரின் இருக்கும். கிருமியைக் கொல்லத்தானே அதைப் போடறாங்க, நம்ம பாக்டீரியாவையும் கொல்லும். ஆன்டி-குளோரின் சொட்டு விடுங்க, அல்லது வாளியில் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் ஓட விடுங்க. போர் தண்ணீரில் இந்தத் தொல்லை இல்லை. சிலர் மீனுக்கு நல்லதுன்னு நினைச்சு முழுக்க ஆர்ஓ தண்ணீர் ஊத்தறாங்க. அதில்தான் சைக்கிள் நடுவழியில் நின்னுபோகும். பாக்டீரியா அம்மோனியாவை மாத்தும்போது அமிலம் உண்டாகுது. 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். ஆர்ஓ தண்ணீரில் அது கிட்டத்தட்ட கிடையவே கிடையாது. பிஹெச் சரிஞ்சு 6-க்குக் கீழே போனதும் எல்லோரும் வேலைநிறுத்தம்! பாதி போர் தண்ணீர் கலந்தால் தீர்ந்தது.

பாக்டீரியா தண்ணீரில் மிதந்துகிட்டு இருக்காது. ஸ்பாஞ்ச், கல், கண்ணாடி, இதுகளில் ஒட்டிக்கிட்டுத்தான் வாழும். அதனால முதல் தொட்டிக்கு ஒரு ஏர் பம்ப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். ராத்திரி தூங்கும்போது சத்தமா இருக்குன்னு பம்பை நிறுத்தாதீங்க. அவங்களுக்கு ஆக்சிஜன் வேணும், 30 டிகிரி தண்ணீரில் அது ஏற்கெனவே குறைச்சலாத்தான் கரையும். நல்ல பக்கமும் உண்டு: அந்தச் சூடு பாக்டீரியாவுக்கு ரொம்பப் பிடிக்கும். சென்னையில் ஹீட்டர் விற்கப் பார்த்தாங்கன்னா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க. ஊட்டி, கொடைக்கானல்காரங்க வாங்குங்க.

இனி உறை. நண்பர் வீட்டில் பல மாசமா நல்லா ஓடுற தொட்டி இருந்தால், அவங்க ஸ்பாஞ்சைப் பிழிஞ்ச அந்தக் கருப்புத் தண்ணியை உங்க ஸ்பாஞ்ச் மேலே ஊத்துங்க. பழைய ஸ்பாஞ்சே ஒன்று கிடைச்சால் இன்னும் அருமை. ஐந்து வாரம் ரெண்டு வாரமாகக் குறையலாம். அந்தத் தொட்டி மீனுக்கு நோய் இல்லைன்னு மட்டும் உறுதி பண்ணிக்கோங்க. பாட்டிலில் விற்கிற பாக்டீரியா? சிலது வேலை செய்யுது. வெயிலில் லாரியில் வந்து கடை அலமாரியில் எத்தனை மாசம் இருந்ததுன்னு நமக்குத் தெரியாதுங்கிறதால, அதை நம்பி அன்னிக்கே மீன் விட நான் சொல்ல மாட்டேன்.

முதல் வாரம், பத்து நாள் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். அப்புறம் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் கிட் ஊதா நிறத்துக்குப் போகும். ரொம்பப் பேர் பொறுமை இழக்கிற இடம் இதுதான், ஏன்னா அந்த ஊதா ரெண்டு மூணு வாரம் அசையாமல் நிற்கும். அம்மோனியா பூஜ்யத்துக்கு வரும்போதெல்லாம் மறுபடி ஒரு டோஸ் ஊத்துங்க. ஊதா ரொம்பக் கருத்துப்போனால் பாதி தண்ணீரை மாத்துங்க, ஒண்ணும் கெட்டுப்போகாது. ஒரு நாள் காலையில் பார்த்தால் நைட்ரைட் பொசுக்குன்னு காணாமல் போயிருக்கும். முழு டோஸ் ஊத்தி 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் இருக்குன்னா தொட்டி தயார். முக்கால்வாசி தண்ணீரை மாத்திட்டு, ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் வாங்குங்க. பட்டினி போடக்கூடாது.

கொளத்தூர் போனீங்கன்னா கண் அலைபாயும். முதல் முறை நாலைந்து மீன் போதும். உப்புத்தன்மை உள்ள, கடினமான போர் தண்ணீருக்கு மோலி, கப்பி நல்லாப் பொருந்தும். நியான் டெட்ரா அமேசானின் மென்மையான தண்ணீரில் வளர்ந்தது, பின்னாடி பார்த்துக்கலாம். கோல்டு ஃபிஷ் கழிவு அதிகம், வளரவும் வளரும். 2 அடி தொட்டி பத்தாது. கண்ணாடியைச் சுத்தம் பண்ணும்னு சக்கர் மீனைத் தலையில் கட்டுவாங்க. அது ஒரு அடிக்கு மேல் வளரும். அப்புறம் பாவம்னு ஏரியில் கொண்டுபோய் விட்டுடறாங்க, இப்ப நம்ம ஏரிகளில் அது பெரிய தலைவலி. வாங்காதீங்க, தயவுசெஞ்சு விடவும் விடாதீங்க.

ஏற்கெனவே மீன் விட்டாச்சு, தொட்டிக்கு நாலு நாள்தான் ஆகுதுன்னு பதறுறவங்களுக்கு: தினமும் கால்வாசி தண்ணீரை மாத்துங்க, குளோரின் நீக்கியபிறகு. தீனி ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு சிட்டிகை. 10 லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு கரைச்சு விட்டால் நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதை உப்பிலுள்ள குளோரைடு தடுக்கும். மாத்தற தண்ணீருக்கு மட்டும் அதே கணக்கில் உப்பு சேருங்க. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்க்காதீங்க. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ரெண்டு முறை பிழிஞ்சால் போதும்.

சேலம் சாருக்கு இன்னொரு விஷயம். அந்தத் தொட்டியைக் காலி பண்ணி பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிடாதீங்க. ஆறு நாள் மீன் இருந்ததில் பாக்டீரியா கொஞ்சம் பிடிச்சிருக்கும், அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி, சொட்டு விட்டு, குழாயைக் குலுக்கி, நிறம் பார்த்து நோட்டில் எழுதற வேலையைப் பாப்பாகிட்ட கொடுங்க. பக்கத்தில் நீங்க இருங்க, அந்தச் சொட்டுமருந்து கையில் படக்கூடாது. மஞ்சள் எப்போ பச்சையாகுது, ஊதா எப்போ காணாமல் போகுதுன்னு அவளே கண்டுபிடிக்கட்டும். திட்டினதுக்கு என்ன சொல்லணும்னு நீங்க பார்த்துக்கோங்க.

அடுத்த எபிசோடில் செடிகள்: வாலிஸ்நேரியா, ஜாவா ஃபெர்ன், வெளிச்சம் எவ்வளவு நேரம். கிட் நிறத்தைப் பார்த்துக் குழப்பமா இருந்தால், பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாள் மேலே வெச்சு போட்டோ எடுத்து அனுப்புங்க.