எலும்புக்கும் ஒரு சாரம்

(காரைக்குடியில் அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



'பலபடி' என்றதும் நம் மாணவர்கள் பிளாஸ்டிக் பையைத்தான் சொல்கிறார்கள். 2019 சனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கிற்குத் தமிழகத்தில் தடை உள்ளது. அதனால் பலபடி என்றாலே கெடுதல் என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் அவர்களுடைய எலும்புக்குள்ளேயே ஒரு பலபடி இருக்கிறது. அதன் பெயர் கொலாஜன்.

இதை வகுப்பிலேயே காட்டலாம். சுத்தம் செய்த கோழிக்கால் எலும்பை வினிகரில் ஊறவையுங்கள். சில நாள்களில் கால்சியம் உப்புகள் கரைந்து, எலும்பு ரப்பர் போல வளையும். எஞ்சியிருப்பது பெரும்பாலும் கொலாஜன். எலும்புக்குக் கடினத்தைத் தருவது தாது உப்பு; எளிதில் நொறுங்காமல் காப்பது கொலாஜன். மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது அதன் அமைப்பு என்று 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து உலகுக்குச் சொன்னவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். இந்தப் பெயர்களையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

சிறு எலும்பு முறிவு தானே கூடிவிடும். விபத்தில் எலும்பு சிதைந்தாலோ, கட்டியை அகற்றினாலோ ஏற்படும் பெரிய இடைவெளி தானாக நிரம்பாது. இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்து வைப்பார்கள். அது நோயாளிக்கு இரண்டாவது காயம். எடுக்கக்கூடிய அளவும் குறைவு.

இங்கேதான் பலபடி உதவுகிறது. வீடு கட்டும்போது சுவர் எழுப்பச் சாரம் கட்டுகிறோம்; வேலை முடிந்ததும் அவிழ்க்கிறோம். அதுபோல, எலும்பு செல்கள் பற்றி வளர ஒரு சாரம் வைக்கிறார்கள். கொலாஜன், இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான், பாலிலாக்டிக் அமிலம் ஆகியவற்றால் அதைச் செய்யலாம். எலும்பின் தாதுவான ஹைட்ராக்சி அபடைட்டைக் கலந்தால் புதிய எலும்பு அதனுடன் நன்றாக ஒட்டும். இரத்தக் குழாய்கள் நுழைய நுண்துளைகளும் வேண்டும்.

இந்தச் சாரத்தை யாரும் அவிழ்க்க வேண்டியதில்லை. பாலிலாக்டிக் அமிலம் உடலில் மெல்லச் சிதைந்து லாக்டிக் அமிலமாகிறது. நாம் ஓடும்போது தசையில் உண்டாகும் அதே பொருள்தான். பிறகு அது கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் வெளியேறும். சீக்கிரம் கரைந்தால் புதிய எலும்புக்குப் பிடிப்பு இருக்காது. தாமதித்தால் அதன் வளர்ச்சிக்குத் தடையாகும். இந்த வேகத்தைச் சரியாக அமைப்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் பெரிய சவால்.

ஆகவே, பலபடிப் பாடத்தில் 'நல்லதா, கெட்டதா' என்ற கேள்வியோடு நிறுத்திவிட வேண்டாம். எதற்காகச் செய்யப்பட்டது, எவ்வளவு காலம் இருக்கும், பிறகு எங்கே போகும் என்ற மூன்று கேள்விகளையும் மாணவர்களைக் கேட்கப் பழக்குவோம். பாலித்தீன் பைக்கும் எலும்புச் சாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.