திருகை சொல்லும் அறிவியல்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உராய்வையும் விசையின் திருப்புத்திறனையும் நடத்த நம் மேலூர்ப் பகுதியில் கருவிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டுக் கொல்லையில் கேட்பாரற்றுக் கிடக்கும் திருகை ஒன்று போதும்.

திருகையில் இரண்டு வட்டக் கற்கள். அடிக்கல் அசையாது; அதன் நடுவே ஒரு முளை. மேல்கல்லின் நடுத்துளை அந்த முளையில் அமரும். தானியத்தையும் அத்துளை வழியேதான் இடுகிறோம். மரக் கைப்பிடி மட்டும் விளிம்போரம் இருக்கிறது. ஏன்? மாணவரை முளைக்கு அருகில் கைவைத்து ஒருமுறையும், கைப்பிடியைப் பிடித்து ஒருமுறையும் சுற்றச் சொல்லுங்கள். அச்சிலிருந்து தொலைவு கூடினால் குறைந்த விசையே போதும் என்பதைக் கரும்பலகையில் எழுதுமுன்பே அவர்களின் கை புரிந்துகொள்ளும்.

நடுவில் விழும் தானியம் கற்களுக்கிடையே உடைந்து, விளிம்பை நோக்கி நகர்ந்து வெளியே கொட்டும். கொஞ்சம் கொஞ்சமாக இட்டால் மாவு நைசாகும். அள்ளிப் போட்டால் மேல்கல் சற்றே உயர்ந்து குருணையாக வரும்.

ஏன் கருங்கல்? மோ அளவுகோலில் குவார்ட்ஸின் கடினத்தன்மை 7, ஃபெல்ட்ஸ்பாருக்கு 6. இவை இரண்டும் கிரானைட்டின் முக்கியக் கனிமங்கள். பளிங்கில் உள்ள கால்சைட்டுக்கு 3 மட்டுமே; பளிங்கில் திருகை செய்தால் கல்லும் சேர்ந்து மாவாகும். கிரானைட்டின் கனிமங்கள் ஒரே சீராகத் தேய்வதில்லை. அதனால் சொரசொரப்பு நெடுநாள் நிற்கிறது.

ஆனாலும் ஒருநாள் கல் வழவழப்பாகும், தானியம் வழுக்கும். அப்போது உளியால் கொத்த வேண்டும். கொத்தியபின் முதலில் கொஞ்சம் தவிட்டை அரைத்துக் கொட்டிவிட்டால் கல்தூள் போய்விடும்.

குழிகள் எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும் என்று வகுப்பில் கேட்டேன். கல் கொத்தும் குடும்பத்து மாணவன் ஒருவன் எழுந்தான். அதுவரை அவன் எந்தக் கேள்விக்கும் எழுந்ததில்லை. "ஆழமாக் கொத்துனா மாவு உள்ளயே தங்கிரும் டீச்சர். மேலாக்கக் கொத்துனா சீக்கிரம் தேஞ்சிரும்" என்றான். உராய்வு என்ற சொல் அவன் பதிலில் இல்லை, உராய்வு இருந்தது.

இந்த அறிவுக்குத் தேர்வில் மதிப்பெண் இல்லை. வகுப்பறையிலாவது இடம் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அம்மி, ஆட்டுக்கல் கொத்துபவர் இருந்தால், ஒரு பாடவேளைக்கு அவரை அழைத்து வாருங்கள். அவர் உளி பிடிப்பதை மாணவர்கள் பார்க்கட்டும், கேள்வி கேட்கட்டும், குறிப்பெடுக்கட்டும். அவர் வீட்டுப் பிள்ளை அன்று நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதை நீங்களும் பார்ப்பீர்கள்.