பெரட்டும் உடற்கடிகாரமும்

மொழியியல் பயின்ற நாம் மனநோயைப் பற்றிப் பேசுவது வரம்பு மீறலாகத் தோன்றலாம். எனினும், இருமுனைக் கோளாறு பெரும்பாலும் உறக்கம் பற்றிய ஒரு வாக்கியமாகவே வீட்டில் முதலில் வெளிப்படுகிறது. வாக்கியம் நம் துறைக்கு உரியது.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தோர் வைகறைப் பெரட்டை மறவார். வெயில் ஏறினால் ரப்பர்ப் பால் ஓட்டம் தளரும். ஆதலின் இருளிலேயே ஆள்கணக்கு எடுப்பர். லயம் முழுவதும் ஒரே பொழுதில் எழுந்து, உண்டு, படுத்தது. அடிமைத்தனத்தின் ஒழுங்கு அது. அதை நாம் போற்றவில்லை. ஆனால் மூளைக்குள் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியை நடத்தும் நரம்பணுத் திரளுக்குக் காலை ஒளியும் வேலை, உணவு வேளைகளும் நாள்தோறும் நேரம் சொல்லின. இருமுனைக் கோளாறு உடையோரிடம் இச்சுழற்சி எளிதில் குலைகிறது. சிலர்க்கு ஓர் இரவு விழிப்பே பெருங்கிளர்ச்சிக்கு வித்தாகிறது. தோட்டம் விட்டுச் செனவாங் ஆலைகளில் இரவு முறை பார்க்கும் பிள்ளைகளை இங்கு நினைக்கிறோம். (1982 சனவரி 1இல் தீபகற்பத்தின் கடிகாரத்தையே அரைமணி முன்தள்ளினோம், கதிரவன் உடன்படவில்லை.)

நம் தோட்டத்தில் ஒருவர் இருந்தார். சில வாரங்கள் மூன்று மணி நேரமே உறங்கி, பெரட்டுக்கு முதல் ஆளாக நிற்பார், சுறுசுறுப்பு என்றனர். பின்னர்ப் பல வாரங்கள் பாயை விட்டு எழமாட்டார், சோம்பேறி என்றனர். ஒரே நோய்க்கு இரு பட்டங்கள்.

‘தூக்கம் வரவில்லை’ என்பது வேறு. ‘தூக்கம் வேண்டியிருக்கவில்லை’ என்பது வேறு. முன்னதில் உடல் கேட்கிறது, உறக்கம் கிட்டவில்லை. பின்னதில் உடல் கேட்பதே இல்லை, களைப்பும் இல்லை. மருத்துவமனையில் இரண்டையும் ‘தூக்கமில்லை’ என்று சுருக்கிவிடுகிறோம். மருத்துவர் அதைச் சோர்வுநோய் என்று மட்டும் கொண்டு, அதற்குரிய மருந்தை மட்டும் தந்தால், சிலர்க்கு அதுவே கிளர்ச்சியைக் கிளப்பிவிடும்.

பிட்ஸ்பர்க்கில் எல்லன் பிராங்க் குழுவினர் வகுத்த சிகிச்சைமுறை ஒன்று உண்டு. மருந்தோடு சேர்த்துச் செய்வது. எழுந்த நேரம், பிறர் ஒருவரை முதலில் சந்தித்த நேரம், வேலை தொடங்கிய நேரம், இரவுணவு நேரம், படுத்த நேரம் ஆகிய ஐந்தையும் நோயாளி நாள்தோறும் குறிக்க வேண்டும். இவற்றைத் தோட்டத்து முதியோர்க்கு விளங்கும் தமிழில் சொல்லிப் பார்த்தோம். இரண்டாவதற்கு, ‘காலையில் எத்தனை மணிக்கு, யார் முகத்தில் விழித்தீர்கள்?’ என்றோம். ஒரு பாட்டி சிரித்துவிட்டு, நேரத்தையும் மருமகள் பெயரையும் உடனே சொன்னார்.